பதினோரு படிகங்கள்

துவாக்குடியில் முருகானந்தத்துக்குச் சொந்தமான லேத் பட்டறை இருந்தது. அதன் மாடியில் மூன்று வருடமாக ஒரு சின்ன ஆய்வகம். அங்கே ஒரே விஞ்ஞானி சுபலட்சுமி. லால்குடியிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி வருவாள்.

மருந்துக்கு வேண்டிய ஒரு புரதத்தைப் படிகமாக்குவது அவள் வேலை. தரையில் ஈர்ப்பு இழுப்பதால் படிகம் கோணிக்கொள்ளும். அதனால் விண்வெளி நிலையத்தில் வாடகைக்கு இடம் பிடித்து அனுப்பினார்கள். நாற்பது நாள் வளர்ந்து பதினோரு படிகங்கள் திரும்பியிருந்தன. வெள்ளிக்கிழமை பெங்களூரில் அவற்றுக்கு எக்ஸ்ரே சோதனை. ஒரு படிகமாவது தேறினால் மருந்துக் கம்பெனி ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும். இல்லையென்றால் ஆய்வகத்தை மூடிவிடுவதாக முருகானந்தம் சொல்லியிருந்தார்.

அதுவரை குளிர்பெட்டியில் நாலு டிகிரி இருக்க வேண்டும்.

புதன்கிழமை ஆயுத பூஜை. லேத்துகளுக்குச் சந்தனம் வைத்துவிட்டு, ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த தன் குடும்பத்தோடு முருகானந்தம் மாடியேறினார். குளிர்பெட்டிக்கும் பொட்டு வைத்து, மாலை போட்டு, பிளக்கைப் பிடுங்கினார்.

"சார், அது மட்டும் ஓடணும்..."

"நாளைக்கு மறுபூஜை வரைக்கும் எந்த மிஷினும் ஓடாதும்மா. முப்பது வருஷ வழக்கம்."

"சூடாயிட்டா..."

"பார்சல்ல ரெண்டு நாள் வந்துச்சே, கெட்டா போச்சு? ராக்கெட்டுலயே போயிட்டு வந்த சரக்கு. பொரி எடுத்துக்குங்க."

பெருக்கித் துடைக்கும் வேலம்மாள் சுபலட்சுமியைக் காட்டி, "டீச்சரம்மாவுக்குத்தான் மாலை போடணும். அவங்கதான் லீவே எடுக்கறதில்ல" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். சுபலட்சுமியும் சிரித்தாள். பார்சலில் ஐஸ் இருந்தது, இதற்கு மின்சாரம் மட்டும்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. எல்லோரும் இறங்கியதும் பிளக்கைச் செருகிவிடலாம் என்று நின்றாள். முருகானந்தமே கடைசியாக இறங்கிப் பூட்டினார்.

ரயிலில் உட்கார்ந்து அவருக்கு மெசேஜ் அனுப்பினாள்: 'சார், பெட்டியை மட்டும் போட்டுவிட முடியுமா?' பதிலுக்குச் சரஸ்வதி படமும் வாழ்த்தும் வந்தன.

மறுநாள் மறுபூஜை முடியப் பத்து மணி ஆயிற்று. பெட்டிக்குள் முப்பத்தொரு டிகிரி. படிகங்கள் இருந்த பதினோரு சொட்டுகளையும் ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் பார்த்தாள். எல்லாம் கரைந்து தெளிந்திருந்தது.

"மறுபடி குளிர வெச்சா வராதா?" என்றார் முருகானந்தம்.

"வரும் சார்."

"அப்புறம் என்ன?"

"இங்க வளர்றதுதான் வரும். சின்னதா, கோணலா. அது நம்மகிட்ட நிறைய இருக்கு."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நேத்து ஏம்மா இப்படிச் சொல்லல?"

அவள் ஏதோ சொன்னாள். கீழே லேத்துகள் ஓடத் தொடங்கியிருந்தன. அவர் காதில் விழவில்லை. என்னவென்று திரும்பக் கேட்கவும் இல்லை.