எட்டுக்கும் ஆறுக்கும் நடுவில்

10

இந்தக் கதை ஒரு புகாரிலிருந்து வந்தது. தொண்ணூற்று நாலில், மைசூர் அக்ரஹாரத்தில் வாக்கி டாக்கி பழுது பார்க்கும் சேகரன் சொன்னார்: "ராமாபுரம் பக்கத்துல ஒரு குவாரி ஸார். பன்னெண்டு செட்டையும் ரிப்பேருக்கு அனுப்பிட்டாங்க. எட்டாம் கல்லு கேக்குதாம், ஆறாம் கல்லு கேக்குதாம், நடுவுல இருக்கறது மட்டும் கேக்கலையாம். செட்டுல ஒண்ணுமில்ல ஸார். டிரைவருங்கதான் அங்க பேசறதில்ல."

அந்த நடுக்கல்லின் எண்ணைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே லிங்கப்பன் என்ற டிரைவர் எதிர்லாரியில் மோதிச் செத்தாராம். அதற்குப் பிறகு யாரும் அதை வாயால் சொல்வதில்லை. (நானும் இன்னும் எழுதவில்லை, கவனித்தீர்களா? எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும்.)

9

டிரைவர் ரத்தினசாமி துணிச்சல்காரன். பயம் என்றால் என்னவென்றே

இல்லை, அடித்துவிட்டேன். கருங்கல் ஏற்றிய லாரியில் மலையிறங்கிப் பார்க்காதவன் எழுதிய வரி அது. ரத்தினசாமி பயந்தவன்.

ரோடு ஒரு லாரி அகலம்தான். ஒவ்வொரு கிலோமீட்டர் கல்லிலும் பட்டனை அமுக்கி, எண்ணையும் லோடா காலியா என்பதையும் சொல்ல வேண்டும். லோடு இறங்குகிறது என்று கேட்டால் காலி வண்டி ஒதுங்க வேண்டும். அந்தப் பக்கத்தில் ஒதுங்க இடமிருப்பது நடுக்கல்லில் மட்டும்தான். அங்கே நிற்பவன் பதில் சொல்லமாட்டான். சத்தமில்லை என்றால் ஒதுங்கிவிட்டான் என்று எடுத்துக்கொள்வார்கள்.

போன வாரம் வேலைக்குச் சேர்ந்த மைத்துனன் சென்னப்பனுக்கு இதைச் சொல்லிவைத்ததே ரத்தினசாமிதான்.

"மாப்ளே, அந்தக் கல்லுகிட்ட மட்டும் வாயத் தொறந்துறாத. கம்முனு ஒதுங்கி நில்லு."

"செரிங்க மச்சான்."

8

காலை பத்து மணி. மழை விட்டு, மூடுபனி இறங்கியிருந்தது.

"ஆறு, காலி, மேல வர்றேனுங்க." சென்னப்பன் குரல்.

"எட்டு, லோடு, எறங்கறேன்," என்றான் ரத்தினசாமி.

பதில் இல்லை. ஒதுங்கிவிட்டானா, செட் செத்துவிட்டதா? நாம் பட்டனை அமுக்கிப் பேசும்போது எதிராளி பேசுவது கேட்காது. அவனும் அதே நேரத்தில் பேசியிருந்தால்? ரத்தினசாமி பிரேக்கை மிதித்தான். பிரேக் தீய்ந்து நாறியது, லோடு வண்டி நிற்கவில்லை. சென்னப்பன் ஒதுங்கவில்லை என்றால், நடுக்கல் வளைவுக்கு முன்னாலேயே மலைச்சரிவில் இடித்துத்தான் வண்டியை நிறுத்த வேண்டும். பின்னால் இருக்கும் கல் தன்மேல் சரிந்தாலும் சரிதான். ஆனால் தம்பியைக் கொன்றுவிட்டுப் பெண்டாட்டி கமலம்மா முகத்தில் எப்படி முழிப்பது?

(நான் எழுதிய ஒரு முடிவில் பனி விலகியது, சென்னப்பன் ஓரமாக நின்று பீடி குடித்தான். பொய்யாக இருந்தது, கிழித்துவிட்டேன். இன்னொன்றில் பனிக்குள் இரண்டு வெளிச்சம் தெரிந்தது. அதற்கு மேல் என்னால் எழுத முடியவில்லை.)

"மாப்ளே! எங்கடா இருக்கற? நான் சொன்னதயெல்லாம் மறந்துரு, எண்ணச் சொல்லு!"

பட்டனை விட்டான். எதிரில் யாரோ அமுக்கிய இரைச்சல் கேட்டது. பேச்சு வரவில்லை.

அடுத்த பகுதிக்கு எண் போட வேண்டும். எனக்குக் கை வரவில்லை. பட்டன் இப்போது உங்கள் கையில் இருக்கிறது, எண்ணும் உங்களுக்குத் தெரியும். மனசுக்குள் படித்தால் ரத்தினசாமிக்குக் கேட்காது. வாய்விட்டுச் சொல்லுங்கள்.