எட்வர்ட் இன்னும் கையெழுத்துப் போடவில்லை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானதல்ல. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் யாரும் வழக்குப் போடக் கூடாது.

ராமநாதபுரம் நீதிமன்ற வளாகத்தில், சட்ட உதவி அலுவலகத்துக்கு வெளியே கிடக்கும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது இது என் காதில் விழுந்தது. எங்கள் குடும்பத்து வரப்புத் தகராறுக்கு வாய்தா வாங்கப் போயிருந்தேன். அந்த வழக்குக்கு என்னைவிட வயது அதிகம். அதைத் தொட்டால் நாவலாகிவிடும், வேண்டாம்.

அலுவலகத்துக்குள் ஒருவர் சொன்னார்:

"நான் ஏழைன்னு மட்டும் எழுதிக் குடுக்க மாட்டேன்."

குரலில் கோபமில்லை. டாக்டரிடம் 'அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காது' என்று சொல்வது போல நிதானமாகச் சொன்னார். கூடவே ஒரு பெண் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு அவர் வெளியே வந்து என் சட்டைப்பையைப் பார்த்தார். "ஒரு பேனா குடுங்க சார்" என்றார். கொடுத்தேன். உள்ளே போனார். அதற்குள் எங்கள் வழக்கைக் கூப்பிட்டுவிட்டார்கள். வாய்தா வாங்கிக்கொண்டு திரும்பி வந்தபோது அறை பூட்டியிருந்தது.

எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஒரு வாக்கியம், கைமாறிப்போன ஒரு பேனா. மிச்சமெல்லாம் புளுகு. (புனைவு என்று போட்டால் மரியாதையாக இருக்கும். பரவாயில்லை, இருக்கட்டும்.)

2

தொடக்கம், முதல் முயற்சி:

"பாம்பன் கடல் அன்று வெள்ளியை உருக்கி ஊற்றியது போல—"

வேண்டாம். வாய்தாவுக்கு பஸ் பிடிக்க ஓடுகிறவன் எந்தக் கடலைத் திரும்பிப் பார்ப்பான்?

இரண்டாவது முயற்சி:

"எட்வர்டின் செருப்பு வார் அறுந்து, ஊக்குக் குத்தியிருந்தது. சட்டைக் காலரைத் திருப்பித் தைத்திருந்தார்கள்."

இது தேவலாம். ஓர் ஆளை ஏழையாக்க எழுத்தாளனுக்கு ஓர் ஊக்கு போதும். வைத்துக்கொள்கிறேன்.

பெயரும் வைத்தாயிற்று. எட்வர்ட் பாம்பன்காரன், நாட்டுப்படகில் தொழில். படகு அவன் பெயரில் இருந்தாலும் பாதி மச்சினனுடையது. மனைவி பிரெசில்லா கருவாடு போடுகிறாள், ஓய்ந்த நேரத்தில் வலை கட்டுகிறாள்.*

* கவனித்திருப்பீர்கள். பெஞ்சருகே பார்த்தவரை 'அவர்' என்றேன். கதைக்குள் வந்ததும் 'அவன்' ஆக்கிவிட்டேன். கதையில் வரும் இல்லாதவனுக்கு நாங்கள் சாதாரணமாக மரியாதை கொடுப்பதில்லை. பழகிவிட்டது.

3

எட்வர்ட் மேல் என்ன வழக்கு? அடிதடி என்று வைத்தால் அவன்மேல் உங்களுக்குச் சந்தேகம் வரும். திருட்டு என்றாலும் அப்படியே. யோசித்து யோசித்துக் கடல் அட்டையில் வந்து நின்றேன். கடலடி மண்ணில் கிடக்கும் அந்தக் கொழகொழத்த உயிரைப் பிடிப்பதும் குற்றம், வைத்திருப்பதும் குற்றம். மாட்டினால் வருஷக் கணக்கில் உள்ளே இருக்க வேண்டியதுதான். ஆனால் கள்ளத்தனமாகக் காயவைத்து வெளியே அனுப்புகிறவர்களுக்கு அதில் நல்ல விலை.

பிரெசில்லா மாதக்கணக்கில் கட்டி முடித்த புது வலை. எட்வர்ட் அதை முதன்முதலாகக் கடலில் இறக்கி இழுத்தான். மீனோடு மீனாக ஏழெட்டு அட்டையும் வந்தது.

மற்ற நாளென்றால் அங்கேயே பொறுக்கிக் கடலில் விட்டிருப்பான். ஆனால் அவன் கரையில் ஒரு வழக்கம் உண்டு. புது வலையின் முதல் பாட்டை, அதாவது முதல் இழுப்பில் விழுந்ததை, கடலில் வைத்துப் பிரிக்கக் கூடாது. வந்ததை வந்தபடியே கரைக்குக் கொண்டுவந்து, அந்தோனியார் கோவில் கொடிமரத்தடியில் கொட்டி, செபம் சொல்லி, அதற்குப் பிறகுதான் பிரிக்க வேண்டும். வேண்டாததைத் திரும்பக் கடலில் விடுவதும் அப்போதுதான். (இப்படி ஒரு வழக்கம் பாம்பனில் நிஜமாகவே உண்டா என்று விசாரிக்காதீர்கள். என் எட்வர்டின் கரையில் உண்டு.)

படகடியிலிருந்து கொடிமரம் கூப்பிடு தூரம்தான். அதற்குள் வனத்துறைக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். பிடித்தவர்களில் ஒருவர் ஒரு தாளை நீட்டி, "சும்மா கணக்குக்குத்தான், போடு" என்றார். எட்வர்ட் போட்டான். விற்பதற்காகத்தான் அட்டையைச் சேர்த்ததாக அவனே ஒப்புக்கொண்டான் என்று அந்தத் தாளில் இருந்தது பிறகு தெரிந்தது.

4

சிறையில் அவனைப் பார்க்க வக்கீல் சத்யப்பிரியா வந்தாள். சட்ட உதவியில் வேலை பார்க்கும் இளம் வக்கீல், அபிராமத்துப் பக்கம் விவசாயக் குடும்பம்.

"வக்கீல் வச்சிருக்கீங்களாண்ணே?"

"வைக்கிறதுக்கு வழி வேணும்ல வக்கீலம்மா."

"வழியெல்லாம் கேக்க மாட்டோம். உள்ள இருக்கிறவங்களுக்கு வருமானம் பாக்கிறதில்ல. நான் வாரேன் உங்களுக்கு."

அவன் நடந்ததைச் சொன்னான். எல்லாம் கேட்டுவிட்டு, "தெரிஞ்சும் ஏன்ணே கடல்ல விடல?" என்று அவள் கேட்டாள்.

"மொதப் பாடு. அதுல கை வைக்கப்படாது. சாமி முன்னால கொட்டித்தான் பிரிக்கணும்."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "எங்க அய்யாவும் மொதக் கதிர அறுத்தா பதரு பாக்க மாட்டாரு. கருக்கா கெடந்தாலும் அப்படியே கொண்டுபோயி கோயில்ல கட்டிருவாரு" என்றாள்.

"அதேதாம்மா" என்றான் எட்வர்ட். பிடிபட்ட நாளிலிருந்து அவன் சொன்னது ஒருவருக்கு விளங்கியது அன்றைக்குத்தான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும் கொஞ்சம் கலங்கியது. நானே எழுதிவிட்டு நானே கலங்குவது அசிங்கம்தான், ஆனாலும் நடந்தது.

அவள் வாதாடி ஜாமீன் வாங்கிக் கொடுத்தாள். எட்வர்ட் வெளியே வந்தான். தொல்லையும் அன்றே தொடங்கியது.

5

ஏனென்றால் கம்பிக்கு உள்ளே இருந்தவரை அவன் இலவச வக்கீலுக்குத் தகுதியானவன். வெளியே வந்தபின் அந்தத் தகுதியை எழுதிக் காட்ட வேண்டும்.

பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்ட காட்சி இனித்தான் வருகிறது. சத்யப்பிரியா மேசைக்கு அந்தப் பக்கம், எட்வர்டும் பிரெசில்லாவும் இந்தப் பக்கம்.

"வருசத்துக்கு மூணு லட்சத்துக்கு உள்ளன்னா போதும்ணே. எனக்கு வசதி இல்லன்னு நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டாச் சரி. நானே உங்க கேஸ நடத்துவேன்."

"மூணு லட்சமா? அத நாங்க காலண்டர் படத்துலகூடப் பாத்ததில்லம்மா" என்றாள் பிரெசில்லா. "போடுங்க, போட்டுட்டு வாங்க. இங்கன எம்புட்டு நேரம் உக்காந்திருக்கிறது?"

"நான் ஏழைன்னு மட்டும் எழுதிக் குடுக்க மாட்டேன்" என்றான் எட்வர்ட்.

"ஏங்க, பொய்யா எழுதச் சொல்றாங்க? உள்ளத உள்ளபடி எழுதுறதுக்கு என்ன?"

பிரெசில்லா வக்கீல் பக்கம் திரும்பினாள். "ஏம்மா, பொம்பளைக்கும் இதே சட்டந்தானா?"

"இல்லக்கா. பொம்பளைங்களுக்கு வருமானமே பாக்க மாட்டாங்க. கேஸ் உங்க மேல இருந்தா கேக்காமலே குடுத்துருவோம்."

"அப்ப என்னையப் பிடிச்சிட்டுப் போயிருக்கலாம்ல. வல கட்டுனது நாந்தான?" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது.

6

அவன் ஏன் மறுக்கிறான்? இந்த இடத்தில் கதை பல நாள் தரைதட்டி நின்றது.

மானம் என்று எழுதிப் பார்த்தேன். "கடலோடு மல்லுக்கட்டியவனின் வைராக்கியம் அந்தத் தாளின் முன்—" கிழித்துப் போட்டேன். ரேஷன் கடை வரிசையில் பையோடு நிற்கிற மனுஷனுக்குக் கையெழுத்தில் மட்டும் என்ன வைராக்கியம்? இல்லாதவனின் மானம் எழுத்தாளர்களுக்குத்தான் பிடிக்கும். அது அவர்களுக்குச் செலவில்லாதது.

ஊருக்குப் பயந்தான் என்று எழுதினேன். அதைப் பிரெசில்லாவே அடித்துவிட்டாள். "எங்க பவுசு ஊருக்குள்ள யாருக்குத் தெரியாது?" என்றாள்.

கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனையே பேசவிட்டேன். அப்போதுதான் சொன்னான்.

"வக்கீலம்மா, நீங்க சொல்றபடியே போடுறேன்னு வைங்க. எட்வர்டு ஒண்ணும் இல்லாதவன்னு எங்கையால எழுதி, எங்கையால ஒப்பம். நாளைக்குக் கோர்ட்டுல என்ன கேப்பாக? 'இல்லாத பய, அதான் அட்டை பொறுக்கியிருக்கான்'னு கேக்க மாட்டாகளா? இருக்கிறவன் வலையில அட்டை வந்தா, தெரியாம வந்துருச்சும்பாக. இல்லாதவன் வலையில வந்தா?"

மானம், ஊர் என்று நான் சுற்றிக்கொண்டிருந்த நாளெல்லாம் அவன் பயந்துகொண்டிருந்திருக்கிறான். பயம் என்பது என் புத்தியில் தட்டவே இல்லை.

"அந்தத் தாளு கேஸ் கட்டுக்குள்ள போகாதுண்ணே. இந்த ஆபீஸோட நின்னுரும்."

"கரையில நீட்டுன தாளுக்கும் இப்படித்தாம்மா சொன்னாக."

"அது அவங்க சொன்னது. இப்பச் சொல்றது நானு."

"உங்கள நம்பாம இல்ல தாயி." அவன் குரல் இறங்கியது. "அன்னைக்கும் ஒரு கையெழுத்துத்தான போட்டேன்."

"போடலன்னா அடுத்த வாய்தாவுக்கு உங்க பக்கத்துல நான் நிக்க முடியாதுண்ணே" என்றாள் அவள். அதட்டலாகச் சொல்லவில்லை, கெஞ்சித்தான் சொன்னாள்.

எட்வர்ட் எழுந்து வெளியே போய், பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளிடம் பேனா வாங்கிக்கொண்டு வந்தான். வந்து உட்கார்ந்தான். தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

7

இந்த இடம்வரை அழைத்துவந்துவிட்டேன். இனி முடிவு. கையிருப்பில் மூன்று இருக்கின்றன.

ஒன்று. போட்டுவிடுகிறான். சத்யப்பிரியா முதல் பாட்டையும் முதல் கதிரையும் சேர்த்து வைத்து நன்றாக வாதாடுகிறாள். எதிர்த் தரப்பு எழுந்து, இவருடைய பொருளாதார நிலை என்ன என்று ஒரே கேள்வி கேட்கிறது. அவள் தாளை யாருக்கும் காட்டவில்லை. காட்டவும் தேவைப்படவில்லை, அவனைப் பார்த்தாலே தெரிகிறது. அப்புறம் தீர்ப்பு— எனக்குத் தெரியாது.

இரண்டு. போடவில்லை. படகை விற்றுப் பெரிய வக்கீல் வைக்கிறான். "சாமி, கொடிமரம் எல்லாம் கோர்ட்டுல எடுபடாதுப்பா" என்று சொல்லி, அவனிடமிருந்த ஒரே உண்மையை அவர் முதல் நாளே கழித்துவிடுகிறார். படகும் போய்விட்டபடியால் எட்வர்ட் இப்போது சந்தேகத்துக்கே இடமில்லாத ஏழை.

மூன்றாவதை நான் தேடவில்லை, அதுவாக வந்தது. போடவில்லை. வாய்தாவுக்கும் போகவில்லை. ஜாமீன் ரத்தாகி, பிடித்துக்கொண்டு போகிறார்கள். உள்ளே இருக்கிறவர்களிடம் யாரும் வருமானம் கேட்பதில்லையே. மறுநாள் சத்யப்பிரியா கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கம்பிக்கு வெளியே நிற்கிறாள். எதையும் எழுதிக் கொடுக்காமல், தன்னை விளங்கிக்கொண்ட வக்கீல் அவனுக்குக் கிடைத்துவிடுகிறாள்.

கணக்கு ஓரிடத்திலும் பிசகவில்லை. ஆனால் பிரெசில்லாவிடம் எப்படிச் சொல்வது? மூன்றையும் ஓரமாக வைத்துவிட்டேன்.

8

அந்த நேரத்தில் எட்வர்ட் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அப்படி ஒரு வரி எழுதும் எண்ணமே எனக்கு இல்லை.

"சார், நீங்களும் என்னமோ எழுதிக்கிட்டே இருக்கீகளே, அது என்ன தாளு?"

"கதை."

"யாரப் பத்தி?"

மழுப்பப் பார்த்தேன், முடியவில்லை. "உங்களப் பத்தித்தான்."

"அதுல நான் ஏழைன்னு இருக்கா?"

பக்கங்களைப் புரட்டினேன். புரட்டவே தேவையில்லை, எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். "செருப்புல ஊக்குக் குத்தியிருக்கறதா ஒரு எடத்துல வருது. காலரத் திருப்பித் தச்சதாவும் வருது."

அவர் மேசைக்கு அடியில் காலை உள்ளிழுத்துக்கொண்டார்.

"அத அடிச்சிருங்க சார். யாராச்சும் படிச்சுட்டா?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அவர் எதைத் தன் கையால் எழுத மாட்டேன் என்று இத்தனை நேரம் உட்கார்ந்திருக்கிறாரோ, அதை நான் அவரைக் கேட்காமலே பக்கம் பக்கமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன். கீழே என் பெயரை வேறு போட்டுக்கொள்ளப் போகிறேன்.

அடித்துவிட்டேன். மேலே போய்ப் பார்த்தால் அந்த வரிகள் அங்கேயே இருக்கும். அச்சு அப்படித்தான், நான் என்ன செய்வது? ஆனால் அடித்துவிட்டேன் என்பது சத்தியம்.

தொல்லை என்னவென்றால், நீங்கள் படித்துவிட்டீர்கள். நாளைக்கு உங்களைக் கூப்பிட்டு, அவர் செருப்பில் ஊக்கு இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது என்றால் அவருக்கு வக்கீல் உண்டு, கூடவே குற்றத்துக்கு ஒரு காரணமும் உண்டு. இல்லை என்றால் காரணம் போய்விடும், வக்கீலும் போய்விடுவாள்.

அறையைப் பூட்ட நேரமாகிவிட்டது. பிரெசில்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு பையை எடுத்துவிட்டாள். எட்வர்ட் என் பேனாவைத் திறந்து பிடித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் என்ன சொல்லப் போகிறீர்கள் என்று தெரிந்த பிறகுதான் போடுவாராம்.

சொல்லுங்கள். இருந்ததா?