ஐந்துக்குக் குறைந்த சொற்கள்

அலுவலகத்தில் அவளுக்கு அகராதி என்று பெயர். சொற்பட்டியல் செய்பவள் என்பதால் பாதி, யாருக்கும் பணியாதவள் என்பதால் மீதி.

மனம் உடைந்தவர்கள் எழுதி அனுப்பும் உதவி மையம் அது. முன்பு எல்லாக் கடிதங்களையும் ஆட்களே வாசித்தார்கள். வரத்து பெருகியதும் அகராதியிடம் வேலை வந்தது. கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை அடிப்பாள். நிரல் பழைய கடிதங்களைச் சொல் சொல்லாகப் பிரித்து எண்ணும். ஐந்து முறைக்குக் குறைவாக வந்ததைத் தள்ளும். மிஞ்சியதற்கு அவள் ஆபத்து மதிப்பெண் போடுவாள். மதிப்பெண் கூடிய கடிதம் வரிசையில் முதலில் நிற்கும். பூஜ்யம் வாங்கியது அடியில் கிடக்கும். விளம்பரக்காரர்கள் ஒரே வாக்கியத்தை நூறு தடவை அனுப்பித் தொல்லை கொடுத்ததால், கட்டளையின் வாலில் ஒரு குறி சேர்த்திருந்தாள்: ஒரே வாக்கியம் எத்தனை முறை வந்தாலும் கணக்கு ஒன்றுதான்.

பட்டியல் ஓடத் தொடங்கி இரண்டு வாரம். அந்த இரண்டு வாரமும் விடுப்பில் இருந்துவிட்டு வந்த ஆலோசகர் அக்கா பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"தொட்டிக்காரர் எழுதுறாரா?"

அகராதிக்கு அவரைத் தெரியாது. மூன்று மாதமாகத் தினம் காலையில் ஒரே வரி எழுதுவார், படித்ததும் கூப்பிட்டுப் பேசிவிடுவேன் என்றாள் அக்கா. 'இன்றைக்கும் தொட்டி மூடியைத் திறந்து உள்ளே பார்த்தேன்.' அதுதான் வரி. வீட்டுப் பின்புறம் ஆழமான தண்ணீர்த் தொட்டி.

அகராதி பட்டியலைத் திறந்து பார்த்தாள். தொட்டியும் மூடியும் வேறு யாரும் எழுதாதவை. மற்றவை ஊரே எழுதும் வெறும் சொற்கள், மதிப்பெண் இல்லாதவை. அவர் எழுதியது தொண்ணூறு நாள். நிரல் எண்ணியது ஒன்று; ஐந்துக்குக் குறைவென்று தள்ளிவிட்டது.

வரிசையின் அடிக்குப் போனாள். பதினான்கு கடிதங்கள், எல்லாம் பூஜ்யம். யாரும் திறக்கவில்லை. பதின்மூன்று அதே வரி. இன்று காலை வந்தது வேறு: 'இனி மூடப்போவதில்லை.'

எட்டிப் பார்த்த மேலாளர், அக்காவின் விடுப்புக்கு மாற்று ஆள் போடாததுதான் பிழை என்று அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம், பட்டியலை இதில் இழுக்க வேண்டாம் என்றார்.

"சார், கொஞ்சம் வழிய விடுங்க," என்ற அக்கா கைபேசியில் தொட்டிக்காரர் எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

எட்டாவது மணி அடித்ததும் எடுத்தார். "இப்பதான் ஞாபகம் வந்துச்சாம்மா?"

அக்கா வாய் திறக்குமுன் அகராதி கைபேசியருகே குனிந்தாள். "ஐயா, அக்கா மேல தப்பில்ல. உங்க கடிதத்த அடியில தள்ளுனது நான்தான்."



"நீ யாரு?"

"இங்க அகராதின்னு கூப்பிடுவாங்க."

"பேரே சரியில்லயே."

தொட்டியை மூட முடியுமா என்று அக்கா கேட்டாள். தினமும் நகர்த்துகிற சிமெண்ட் மூடி இன்று சரிந்து தரையில் விழுந்துவிட்டதாம். தனியாகத் தூக்க முடியாதாம்.

"எத்தன பேர் வேணும்?" என்றாள் அகராதி.

"மூணு பேராவது."

வீடு தெரிந்த அக்கா வண்டிச் சாவியை எடுத்துவிட்டாள்.

"நாங்க ரெண்டு பேர் வர்றோம். நீங்க மூணாவது. அதுவரைக்கும் வாசல்ல வந்து நில்லுங்க. என்கூடப் பேசிக்கிட்டே இருங்க," என்றாள் அகராதி.

என்ன பேசுவது என்று கேட்டார். "உங்க பேர்லேருந்து ஆரம்பிங்க," என்றாள். படியில் இறங்கும்போது கைபேசியில் அவர் குரல் விட்டுவிட்டு வந்தது, ஆனால் நிற்கவில்லை.