சின்ன வீட்டுக்கு மாறிய மேனேஜர்

எங்கள் ஆபீசுக்குச் சின்ன வீடு வந்த கதையைச் சொன்னால், கேட்கிறவர்கள் முதலில் முகத்தைச் சுளிப்பார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அந்தப் பேரை வைத்தவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆபீஸ் என்றால் கம்பத்தில் ஏலக்காய் வாங்கி விற்கிற கம்பெனி. முதலாளி ஈஸ்வரபாண்டி. அவருடைய பூர்வீக வீட்டின் முன்கட்டில்தான் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். ஊரில் அதற்குப் பெரிய வீடு என்று பேர். அதனால் இரண்டாயிரத்தில் மெயிலுக்கென்று முதன்முதலாக ஒரு சர்வர் வாங்கி, அது தனக்கு ஒரு பேர் கேட்டபோது, கம்ப்யூட்டர் பார்க்கிற முனீஸ்வரி 'பெரிய வீடு' என்றே தட்டிவிட்டாள். சர்வர் வாங்கப் போகிறார்கள் என்றதும் ஓட்டலில் இட்லி கொண்டுவந்து வைப்பாரே அவரைத்தான் நான் நினைத்தேன். அவ்வளவு விவரமாக இருந்தேன்.

ஆறு வருஷம் பெரிய வீடு நன்றாகத்தான் உழைத்தது. அப்புறம் மூச்சு வாங்கியது. ஒரு மெயிலைத் திறக்கச் சொல்லிவிட்டு நான் டீ குடித்துவிட்டு வருவேன், அது இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும். ஒருவழியாகப் புதுசு வந்து இறங்கியது. அதுவும் பேர் கேட்டது. "பழசு பெரிய வீடுன்னா புதுசு சின்ன வீடுதேன்" என்றேன். முனீஸ்வரி சிரித்துக்கொண்டே தட்டினாள். முதலாளிக்குத் தெரிந்தபோது சூடம் காட்டி முடித்தாகிவிட்டது, மாற்ற முடியவில்லை.

முனீஸ்வரி காமயகவுண்டன்பட்டிக்காரி. வீட்டில் திராட்சைத் தோட்டம். டவுன் பஸ்ஸில் வந்து டவுன் பஸ்ஸில் போவாள். எங்கள் ஆபீசில் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் அவள் ஒருத்திதான். நான், ராஜாத்தி, பக்கத்து மேசை. சரக்கு அனுப்புகிற பிரிவு. இரண்டு பேரும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் மாதிரி.

அவளைத்தான் கொச்சிக்குத் தூக்கிக்கொண்டு போகப் பார்த்தார் சுந்தர்ராஜ். முதலாளியின் மருமகன், கொச்சிக் கிளையைப் பார்த்துக்கொள்கிறவர். "மாமா, மெயிலெல்லாம் கொச்சியிலயே இருக்கட்டும். இங்க எதுக்கு ரெண்டு மிஷினு, ஒரு ஆளு? அந்தப் பொண்ணு வந்தா அங்க வரட்டும், இல்லேன்னா வேற எடம் பாத்துக்கட்டும்" என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார். புதுசை வாங்க வேண்டாம் என்று கடைசிவரை சண்டை போட்டவரும் அவர்தான். முனீஸ்வரிக்குக் கொச்சி வேண்டாம். அவள் அப்பா அம்மா இங்கே, தோட்டம் இங்கே, அவளே இழுத்துக் கட்டிய வயரெல்லாம் இங்கே. "நான் எதுக்குடி போகணும்?" என்பாள்.  பக்கத்து மேசை காலியாக இருப்பதை நினைத்தாலே எனக்குக் கோபம் கோபமாக வரும்.

கடைசியில் முதலாளி ஒரு முடிவு சொன்னார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொச்சியிலிருந்து ஒரு மெயில் கிளம்பி, பெரிய வீட்டில் இறங்கி, அங்கிருந்து சின்ன வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் எல்லாம் கம்பத்திலேயே இருக்கும், முனீஸ்வரியும் இருப்பாள். சேராவிட்டால் கொச்சி. சுந்தர்ராஜ் அதைப் பார்ப்பதற்கென்றே வெள்ளிக்கிழமை காலையில் வந்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

எங்கள் ஆபீஸ் கடிகாரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அது கால் மணி நேரம் முந்தி ஓடும். ஒரு காலத்தில் எங்கள் மேனேஜர் கோட்டைச்சாமி போடியில் நடக்கிற ஏலக்காய் ஏலத்துக்குப் பிந்திப் போய், நல்ல காயெல்லாம் வேறொருத்தர் கைக்குப் போய்விட்டதாம். அன்றைக்கு முதலாளியே ஸ்டூலில் ஏறி முள்ளைத் தள்ளி வைத்தார். ஆனால் அதை மட்டும் அவர் ஒத்துக்கொள்ளவே மாட்டார். யாராவது வாயைத் திறந்தால், "கடியாரம் சரியாத்தேன் ஓடுது, நீங்கதேன் பிந்தி வாரீக" என்று முடித்துவிடுவார். கோட்டைச்சாமி அண்ணன் அதற்கும் மேலே. பெரிய வீட்டை வாங்கிய அன்றே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து அதன் நேரத்தையும் தள்ளி வைத்தார். பெரிய வீட்டைப் பார்த்து ஆபீசிலுள்ள அத்தனை கம்ப்யூட்டரும் அதே நேரம் காட்டும். நாங்கள் எதைப் பார்த்தாலும் மனசுக்குள் கால் மணியைக் கழித்துக்கொள்வோம். கழிக்கிறோம் என்றே தெரியாது, மூச்சு விடுகிற மாதிரி.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். எல்லாருடைய மெயிலையும் ஒரே நாளில் புதுசுக்கு மாற்ற வேண்டாம், ஒருத்தரை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்று முனீஸ்வரி சொன்னாள். நல்ல நாள், நல்ல கை என்று கோட்டைச்சாமி அண்ணனைப் பிடித்துப் போட்டோம். காலையில் அவர் பேரைப் புதுசில் ஏற்றினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து தட்டினார். அனுமதி இல்லை என்றது. மறுபடி தட்டினார். மறுபடியும் இல்லை. பெரிய வீடு 'இவர் நம்ம ஆள்தான்' என்று சொன்னால் சின்ன வீடு உள்ளே விட வேண்டும். பெரியது சொல்கிறது, சின்னது நம்பமாட்டேன் என்கிறது.

மிஷினை மாட்டிக் கொடுத்துவிட்டுப் போன மதுரை இன்ஜினியர் விஜயகுமாருக்கு முனீஸ்வரி போன் போட்டாள். அவர் ஒவ்வொன்றாகக் கேட்க, இவள் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னாள். "ரெண்டுலயும் டைம் சரியா இருக்காம்மா?" என்று அவர் கேட்டது எனக்கே கேட்டது. இவள் இந்தத் திரையைப் பார்த்தாள், அந்தத் திரையைப் பார்த்தாள். "சரியாத்தான் இருக்கு சார்" என்றாள். எட்டிப் பார்த்த நானும் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அந்த நேரத்தில்தான் என் மேசை போன் அடித்தது. மேனேஜரின் மனைவி அக்கம்மாள், உத்தமபாளையத்திலிருந்து.

"அவுக இருக்காகளா?"

"இருக்காக மதினி. ஆனா இப்பக் கூப்பிட முடியாது. காலைலதேன் சின்ன வீட்டுக்கு மாறுனாக. அது உள்ள விட மாட்டேங்குது, அங்கனயே மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காக."

 அந்தப் பக்கம் டக்கென்று வைத்த சத்தம். லைன் கோளாறு என்று நினைத்து நான் சாக்குக் கணக்கைப் பார்க்கப் போய்விட்டேன். வாரம் முழுக்க அதே பேச்சைப் பேசிப் பேசி எனக்கு அது மிஷினாகவே ஆகிப்போயிருந்தது.

மத்தியானம் முனீஸ்வரி சாப்பிடவில்லை. வயரைப் பிடுங்கிச் சொருகினாள். கழற்றி மாட்டினாள். விஜயகுமாருக்கு மறுபடி போன் போட்டாள். அவரும் "நான் நேர்ல வந்து பாத்தாத்தான் தெரியும், நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவிட்டார். நாளைக்கு வந்து யாருக்கு என்ன? சுந்தர்ராஜ் காலை நீட்டிக்கொண்டு செல்லில் கொச்சிக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்: "இல்லா, இதுவரெ ஆயிட்டில்லா." இன்னும் ஆகவில்லை என்று சொல்வது எங்களுக்குப் புரியாது, மலையாளம் தெரியாது என்று அவருக்கு நினைப்பு. கேரள எல்லையிலிருக்கிற கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு!

"அழுதுறாதடி" என்றேன் முனீஸ்வரியிடம்.

"அழுகல. எரிச்சலா வருது" என்றாள். கண் நிறைந்துதான் இருந்தது. முதலாளி ஏலக்காயை உள்ளங்கையில் போட்டு உருட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பெற்ற பிள்ளையாட்டம் பார்ப்பவர், ஆனால் சொன்ன சொல்லை மாற்ற மாட்டார்.

சுவர்க் கடிகாரம் ஐந்தை நெருங்கும்போது வாசலில் செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. கழற்றுகிற சத்தமா அது, வீசுகிற சத்தம். மத்தியானம் வரை வீட்டில் பொருமிப் பொருமிப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறிய அக்கம்மாள் உள்ளே வந்தார். முகம் சிவந்து, பஸ் டிக்கெட்டைக் கையில் கசக்கிப் பிடித்தபடி.

"எங்கடி அவ?"

 கோட்டைச்சாமி அண்ணன் எழுந்து, "ஏய், என்ன இங்கன வந்திருக்க?" என்றார்.

"ஏன், வரக்கூடாதா? பேரன் பேத்தி எடுக்குற வயசுல ஒமக்குச் சின்ன வீடு கேக்குதோ? ஆபீசே சேந்து மறைக்கிறீகளா? அதுவும் அந்தச் சிறுக்கி உள்ள விடமாட்டேங்குறாளாம், இவரு வாசல்ல நின்னு மல்லுக்கட்டுறாராம்!"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. புரிந்ததும் சிரிப்பு பீறிட்டது, அடக்கப் பார்த்து விக்கல் வந்துவிட்டது. முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். முனீஸ்வரி மட்டும்தான் எழுந்து போய் அக்கம்மாளின் கையைப் பிடித்தாள்.

"அக்கா, வாங்க. நானே காட்டுறேன். இந்தா இருக்கு பாருங்க சின்ன வீடு."

சந்தனமும் குங்குமமும் வைத்து, மேலே ஒரு முழம் மல்லிகைப்பூ வாடிக் கிடக்க, கறுப்பாக உட்கார்ந்திருந்தது மிஷின். பக்கத்தில் பெரிய வீடு, தூசியும் துணி உறையுமாக. அக்கம்மாள் அதைப் பார்த்தார், இதைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார்.

"இதா?"

"இதுதேன்" என்றார் கோட்டைச்சாமி அண்ணன், பாவம் போல.

அக்கம்மாளுக்குக் கோபம் இறங்கிவிட்டது. ஆனால் இவ்வளவு தூரம் பஸ் ஏறி வந்துவிட்டு உடனே சிரிக்க முடியுமா? குறை கண்டுபிடிக்க எதையாவது தேடினார். இரண்டு திரைகளையும் குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டார்.

"அதுக்குன்னு இப்படியா வச்சுப் பராமரிப்பீக? பெரிய வீட்டுல ஒரு நேரம் காட்டுது, சின்ன வீட்டுல வேற நேரம் காட்டுது. ஆளுக்கொரு நேரம் வச்சிருந்தா ரெண்டும் எப்படிய்யா ஒத்துப் போகும்?"

முனீஸ்வரி ஆத்தாடி என்று கத்தினாள். நிஜமாகவே கத்தினாள், எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். நான் திரைகளைப் பார்த்தேன். பெரிய வீடு கால் மணி முந்தி இருந்தது. காலையிலிருந்து அப்படியேதான் இருந்தது. பழசைப் பார்க்கும்போது கால் மணியைக் கழித்து, புதுசைப் பார்க்கும்போது அப்படியே படித்து, இரண்டும் சரி என்று விஜயகுமாரிடம் சத்தியம் செய்திருந்தோம். புதுசுக்கு அவர் நெட்டிலிருந்து நேரம் எடுக்கும்படி செய்துவிட்டுப் போயிருந்தார். அதனால் பெரியது கொடுத்தனுப்பிய அனுமதிச் சீட்டெல்லாம் இன்னும் வராத நேரத்தின் சீட்டாகத் தெரிந்திருக்கிறது. எப்படி நம்பும்? ஆபீசில் ஒருவருக்கும் தெரியாதது கழிக்கத் தெரியாத அக்கம்மாளுக்குத் தெரிந்தது.

முனீஸ்வரி பெரிய வீட்டின் நேரத்தைச் சரிசெய்து, இரண்டையும் அணைத்து எழுப்பப் போனாள். சுந்தர்ராஜ் எழுந்து சுவரைக் காட்டினார்.

"மணி அஞ்சு ஆயிருச்சு மாமா. பேசுனபடி பேச்சு."

முள் ஐந்தில்தான் இருந்தது. முனீஸ்வரியின் கை விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டது.  கடிகாரம் முந்தி ஓடுகிறது என்று எங்களில் எவர் சொன்னாலும் முதலாளி அதை மறுத்தே பழக்கப்பட்டவர். எனக்கு வாய் துறுதுறுத்தது, ஆனால் அன்றைக்கு என் வாய் ஏற்கனவே நிறைய வேலை செய்திருந்தது.

முதலாளி கையிலிருந்த ஏலக்காயை மேசையில் வைத்தார். கடிகாரத்தைப் பார்த்தார். எங்கள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அது ஆபீசு அஞ்சு மாப்ள" என்றார். "நெசமான அஞ்சுக்கு இன்னும் கால் மணி கெடக்கு. நாந்தேன் தள்ளி வச்சேன். ஆத்தா முனீசு, நீ பாரு."

கோட்டைச்சாமி அண்ணன் வாயைப் பிளந்தார். எத்தனை வருஷமாக 'பிந்தி வந்துட்டீக' என்று வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறோம்! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. அந்த மனுஷன் அன்றைக்குச் செய்த பெரிய காரியம் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சின்ன வீடு சட்டென்று எழுந்துவிட்டது. பெரிய வீடுதான் படுத்தியது. திரை கறுத்துக் கிடந்தது, அப்புறம் நீலமானது, அப்புறம் ஒரு கோடு வந்து நகரவா வேண்டாமா என்று நகர்ந்தது. அக்கம்மாள் அதற்கும் முன்னால் நின்று கும்பிட்டார். "எந்திரிம்மா, நீதேன் மூத்தவ, நீ விட்டுக் குடுத்தாத்தேன் வெளங்கும்" என்றார். எழுந்தது. கோட்டைச்சாமி அண்ணன் தன் பேரைத் தட்டினார். உள்ளே விட்டது.

"விட்டுருச்சு!" என்று அவர் துள்ளியதைப் பார்த்து அவர் மனைவியே தலையில் அடித்துக்கொண்டார்.

சுந்தர்ராஜ் சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டவர்தான். கொச்சிக்குப் பேசி ஒரு மெயில் அனுப்பச் சொன்னார். நாங்கள் எல்லோரும் அண்ணனின் நாற்காலிக்குப் பின்னால் குவிந்து நின்றோம். கடிகாரத்தை ஒருவரும் பார்க்கவில்லை, எதைக் கழிப்பது என்று குழப்பமாகிவிட்டது. டிங் என்றது. 'எத்தியோ?' என்று ஒரே ஒரு வார்த்தை. வந்துவிட்டதா என்று கேட்டிருந்தார்கள்.

ஆபீசே கத்தியது. நான் முனீஸ்வரியைக் கட்டிப் பிடித்துச் சுற்றினேன். சுந்தர்ராஜ் சின்ன வீட்டுத் திரையின் மூலையில் தெரிந்த மணியைக் குனிந்து பார்த்தார். ஐந்தாக இன்னும் கொஞ்சம் இருந்தது. அவரும் சிரித்துவிட்டார், சும்மா சொல்லக்கூடாது.

"பதில் போடு ஆத்தா" என்றார் முதலாளி.

முனீஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டு உட்கார்ந்து, இங்கிலீஷ் எழுத்தில் தமிழைத் தட்டினாள். முதலாளி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு எழுத்துக்கூட்டி வாசித்தார்.

"வந்து சேந்துருச்சு. இனிமே இங்கனதேன் இருக்கும்." நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார். "மெயிலைச் சொல்றியா, ஒன்னையச் சொல்றியா?"

"ரெண்டையுந்தேன் மொதலாளி" என்று சொல்லிவிட்டு அனுப்புகிற பட்டனை அமுக்கினாள் முனீஸ்வரி.