ஏலக்காய் போடாத பாயசம்

"நீ கூப்பிட்டா நான் பையைத் தூக்கிட்டு வந்துருவேன்னு நினைக்காத, மாரி."

"ஏம்மா? என் வீடு உனக்கு வீடு இல்லையா?"

"அது மாப்பிள்ளை வீடு. அவர்ட்ட நீ வாயைத் தொறந்து கேக்கணும். அவரும் மனசார சரின்னு சொல்லணும். அப்ப ஒரு கார்டு போடு."

"கேக்கேன்."

"எப்ப?"

அதற்குள் ரயில் நகர்ந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சங்கரன்கோவில் ஸ்டேஷனில் நடந்த பேச்சு அது. சந்தனமாரியின் தாய் முப்பிடாதிக்கு ஒரு கண்ணில் புரை முற்றிவிட்டது, மறு கண்ணும் மங்கிக்கொண்டு வந்தது. புருஷன் இல்லை. பிள்ளை என்று இருப்பது மாரி ஒருத்திதான். ஆனாலும் பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய் உட்கார்ந்து சாப்பிடுவதா என்ற கூச்சம்.

அந்தக் கூச்சம் மகளுக்கும் இருந்தது. கொச்சி மட்டாஞ்சேரியை ஒட்டிய கொச்சங்காடியில், சுக்குக் கிடங்குக்கு மேலே இருந்த அந்த மாடி வீட்டில், புருஷன் சங்கரலிங்கம் சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டுவிட நினைப்பாள். வாய்வரை வந்த சொல், "ரசம் ஊத்தட்டுமா?" என்று மாறிவிடும்.

பிறகு கேட்க முடியாதபடி இன்னொன்று வந்தது. தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்த சங்கரலிங்கத்தை, அறுபத்தொன்று தை மாதம், ருசி பார்க்கும் மேஜைக்கு மாற்றினார்கள். ஆறு மாதம் பரீட்சை. தேறினால் உத்தியோகம் நிலைக்கும், இல்லாவிட்டால் பழைய நாற்காலியும் இல்லை. அன்றோடு அவன் தூக்கம் போயிற்று. கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்து நிற்கிற மனுஷனிடம் என்னவென்று கேட்பது?

"தெனமும் நூறு சாயா குடிச்சா உறக்கம் எங்ஙன வரும்?" என்றாள் அடுத்த வீட்டு ஜுமைலா. மூன்று தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்.

"குடிக்கலை அக்கா. உறிஞ்சிப் பாத்துட்டுத் துப்பிருவாராம்."

"துப்புறதுக்குச் சம்பளமா? எங்க வீட்டு ஆளு வெத்தலையைப் போட்டுச் சும்மாதானே துப்புறாரு!"

சிரித்து முடித்துவிட்டு அவளேதான் வழியும் சொன்னாள். சாயங்காலம் கசகசாப் பாயசம் கொடு, கொஞ்சம் ஜாதிக்காய் உரசிப் போடு, குழந்தை மாதிரி உறங்குவார் என்றாள். மாரி அப்படியே செய்தாள். வாசனைக்கு ஏலக்காயும் தட்டிப் போட்டாள். சங்கரலிங்கம் காலை ஆறு மணிவரை புரளாமல் தூங்கினான்.

ஆனால் மறுநாள் கம்பெனியில் எந்தக் கோப்பையை எடுத்தாலும் ஏலக்காயும் ஜாதிக்காயும்தான் மணத்தன. நல்ல தேயிலையை மட்டம் என்று எழுதிவிட்டான். மேனேஜர் எல்லார் முன்னாலும் அவனை மறுபடி ருசி பார்க்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியபடி சொன்னான். "நல்லாத் தூங்குனேன் மாரி. ஆனா இந்த நாக்கு நேத்து சாயங்காலத்தை விட்டு வரமாட்டேங்குது."

அவ்வளவுதான். ஒரு கடுஞ்சொல் இல்லை. இப்படி ஒரு பொறுமைசாலிக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோமே என்று நெகிழ்ந்து, அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஏலமும் மிளகும் மூட்டை மூட்டையாக இறங்கும் தெருவில், எதுவுமே வாயில் நிற்காத ஒரு பாயசத்தைத் தேட ஆரம்பித்தாள். நெய் விட்டால், "ஒட்டுது" என்றான். கருப்பட்டி போட்டால் புகை வாடை. தேங்காய்ப்பால் மேலண்ணத்தில் படலமாக நின்றது. ஒவ்வொரு தடவையும் கம்பெனியில் செய்வதுபோலக் கரண்டியிலிருந்து சர்ரென்று உறிஞ்சித்தான் பார்ப்பான்.

"அங்க என்ன, பைப்புல தண்ணி வந்துருச்சா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜுமைலா குரல் கொடுப்பாள்.

கடைசியில் வழிக்கு வந்தது ஏத்தப்பழம், அதாவது நேந்திரம்பழம். தோல் கறுக்கும்வரை பழுக்க விட்டு, ஆவியில் வேகவைத்து, நடு நாரை எடுத்துவிட்டு மசித்தாள். ஒரு சின்னக் கரண்டி கசகசாவை ஊறவைத்து வெண்ணெய்போல அரைத்தாள். ஆடை எடுத்த பாலில் இரண்டையும் சேர்த்துச் சிறுதீயில் கிண்டினாள். சர்க்கரை போடவில்லை, பழத்தின் இனிப்பே போதுமாக இருந்தது. விளக்கு வைப்பதற்குள் இளஞ்சூட்டில் கொடுத்தாள். பிறகு வெந்நீரில் வாய் கொப்பளிக்கச் சொன்னாள்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கரண்டியைச் சர்ரென்று உறிஞ்சினான்.

"கனம் இருக்கு. இனிப்பும் இருக்கு. முழுங்குனதும் போயிருது. நல்ல சரக்கு, மாரி!"

அன்றும் தூங்கினான், அடுத்த நாளும் தூங்கினான். சாப்பிட்ட கிண்ணத்தை அவனே கழுவிக் கவிழ்த்து வைக்கும் பழக்கம் அப்போதுதான் வந்தது. வேண்டாமென்று அவள் பிடுங்கினாலும் தரமாட்டான்.

ஆடி முடிவதற்குள் உத்தியோகம் நிலைத்தது. "எல்லாம் உன்னாலதான். உனக்கு என்ன வேணும், கேளு" என்றான்.

அம்மா பேச்சை எடுக்க வாயைத் திறந்த மாரி, அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "பால் காய்ச்ச அடி கனமா ஒரு பாத்திரம்" என்றாள். மறுநாளே வந்தது.

"கூறுகெட்டவளே! உங்கம்மாவைக் கூட்டிட்டு வரக் கேக்காம பாத்திரத்தைக் கேட்டியே!" என்று, விஷயமெல்லாம் தெரிந்த ஜுமைலா தலையில் அடித்துக்கொண்டாள்.

"அப்பக் கேட்டா, இதுக்காகத்தான் கிண்டிக் கொடுத்தேன்னு ஆயிரும் அக்கா."

"அவரு அப்படி நினைப்பாரா?"

"மாட்டாரு. நான் நினைப்பேன்."

புரட்டாசியில் ஒரு கார்டு வந்தது. யாரையோ கொண்டு எழுத வைத்திருந்தாள் முப்பிடாதி. சுகம்தான் என்றும், அடுப்பு தெரியாமல் கையை வைத்துவிட்டதாகவும், கொப்புளம் ஆறிவருவதாகவும் எழுதியிருந்தது.

மாரி அதை இரண்டு முறை படித்தாள். அன்று பழக்கடைக்குப் போகவில்லை, கசகசாவும் ஊறப்போடவில்லை.

ஆறு மணிக்கு சங்கரலிங்கம் வந்து, கால் கழுவி, வழக்கமான இடத்தில் உட்கார்ந்தான். முன்னால் கிண்ணம் இல்லை.

"பழம் கிடைக்கலையா?"

"கிடைக்கும். நான்தான் வாங்கலை."

அவன் சட்டென்று எழுந்து வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "மேலுக்கு முடியலையா? நீ படு. நான் போய்ச் சாயா வாங்கிட்டு வாரேன்."

அந்தக் கை நெற்றியில் இருக்கும்போதே அவள் நினைத்துக்கொண்டாள். இத்தனை நாளாய் இவரைக் கண்டா பயந்தோம்?

"நான் நல்லாத்தான் இருக்கேன். உக்காருங்க. உங்கள்ட்ட ஒண்ணு கேக்கணும். பாயசத்தைக் கையில வச்சுக்கிட்டுக் கேக்க எனக்கு மனசு வரலை. அதான் இன்னைக்கு ஒண்ணும் செய்யலை."

"என்னட்டி இது! கேளு."

மாரி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"எங்கம்மாவை இங்க கூட்டிட்டு வந்து, கடைசிவரைக்கும் நம்ம கூடவே வச்சுக்கிடுவோமா?"