கிள்ளான் வண்டியில் தனியே போனவர்

இரண்டு ஆறுகள் கலக்குமிடத்தில் ஈயம் அகழ வந்தோர் இட்ட குடில்களினின்று வளர்ந்து, இன்று முகில்தொடு மாடங்களைச் சுமந்து நிற்கும் கோலாலம்பூர் மாநகரின்மேல், பிற்பகல் மழை கருக்கொண்டு தாழ்ந்திருந்தது. பிரிக்பீல்ட்ஸ் பூக்கடைகளின் மல்லிகை மணம் ஈரக்காற்றில் மிதந்துவர, அருகிருந்த பெருநிலையத்தில் மக்கள் வெள்ளம் பன்மொழிகளில் இரைந்தவாறு நடைமேடைதோறும் பாய்ந்துகொண்டிருந்தது.

அவ்வெள்ளத்தினிடையே, பொள்ளாச்சியிலிருந்து வந்த சந்திரகலா, தன் கணவர் நாகையாவின் கையை இறுகப் பற்றி நின்றாள். மறதிநோய் அவர் நினைவைச் சிறிது சிறிதாக அரித்துவரவே, இளமைமுதல் அவர் காண விரும்பிய இந்நகரை, முற்றும் மறக்குமுன் காட்டிவிட எண்ணி, பிள்ளைகள் தடுத்தும் கேளாது அவள் அழைத்து வந்திருந்தாள்.

கிள்ளான் நகருக்குச் செல்லும் தொடர்வண்டி வந்தது. அவர் முன்னே ஏறினார். தோளினின்று நழுவிய பையைத் தாங்க அவள் கையை விட்ட நொடியில் கதவு மூடிக்கொண்டது. கண்ணாடிக்கப்பால், அயலாள் ஒருத்தியை நோக்குவதுபோல் அவளை நோக்கிய அம்முகம் நகர்ந்து மறைந்தது. இருவர் கடவுச்சீட்டும் கைப்பேசியும் அவளிடமே இருந்தன.

அலறியவளைத் தாங்கிக்கொண்டாள், பள்ளி முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த ஆசிரியை டோரிஸ்.

“பயப்படாதீங்க அக்கா, ரயில் கார்டுகிட்ட சொல்லிட்டேன், எல்லா ஸ்டேஷனுக்கும் போன் பண்றாங்க. அடுத்த டிரெயின்ல நானும் வரேன் லா,” என்றாள், அவ்வூர்ப் பேச்சுக்கேயுரிய ‘லா’ ஒட்ட.

அடுத்த வண்டியில், நிலையம் ஒவ்வொன்று வரும்போதும் சந்திரகலா கண்ணாடியில் நெற்றி பதித்து, நரைத்த தலை ஒவ்வொன்றையும் துழாவினாள். சுபாங் ஜெயா கடந்தது. ஷா ஆலாம் கடந்தது. மழை வலுத்து முகங்களை மறைத்தது. ‘நாங்கள் தடுத்தும் அழைத்துப்போய் அப்பாவைத் தொலைத்துவிட்டாயே?’ என்று மகன் கேட்கப்போவதாய் எண்ணி அவள் அஞ்சினாள்.

கிள்ளானில், நிலையக் காவலர் அய்யாவுவின் அருகே நாகையா நின்றிருந்தார்.

“இவரை நீங்க தேடுறீங்க, இவரு பெண்டாட்டிய தேடுறாரு,” என்றார் அய்யாவு. “இருபத்தி நாலு வயசுப் பொண்ணு, இந்த ஊருக்குப் புதுசு, காணோம்னு அழுதாரு. நாங்களும் அந்தப் பொண்ணத்தான் தேடிக்கிட்டு இருந்தோம்.”

அறுபத்திரண்டு வயதுச் சந்திரகலாவைக் கண்டு கணநேரம் தயங்கிய நாகையா, பின்னர் விம்மினார்.

“எங்க போயிட்டே கலா? எப்படிப் பதறிட்டேன் தெரியுமா?”

“வழி தவறிட்டேனுங்க,” என்றாள் அவள்.

அச்சம் அவளை விட்டகலவில்லை. தன் பெயரும் அவர் நாவினின்று உதிர்ந்து மறையும் நாள் வருமென்பதை அவள் அறிவாள். ஆயினும், யாவும் தேய்ந்தொழியும் அந்நெஞ்சில் தன்னைத் தேடும் தவிப்பு இன்னும் தேயாதிருந்ததை அன்று கண்டுகொண்டவள், மழை ஓயும்வரை அவர் விரல்களைத் தன் விரல்களுள் பொதிந்தவாறு அமர்ந்திருந்தாள்.