கதவோரத்து நாற்காலி

எங்கள் ஆலோசனை நிலையத்தின் பாதுகாப்புக் கையேட்டை எழுதியது நான்தான். மொத்தம் பன்னிரண்டு பக்கம். மோல்டே நகரில் மாற்றுத்திறனாளிகளுக்கென்று நானும் ஊன்னியும் மட்டும் நடத்துகிற சின்ன நிலையம். பழைய முடிதிருத்தும் கடையைப் பலகை வைத்து இரண்டு அறையாகத் தடுத்திருக்கிறோம். ஒருமுறை ஒருவர் கோபத்தில் ஊன்னி மேல் காபிக் கோப்பையை வீசினார். அதற்கப்புறம்தான் நாலாவது விதியைச் சேர்த்தேன்: ஆலோசகரின் நாற்காலி எப்போதும் கதவோரம் இருக்க வேண்டும், ஏதாவது நடந்தால் முதலில் அவர் வெளியேற வேண்டும். மாவட்ட அலுவலகத்தில் பாராட்டினார்கள். நானும் தலைகால் புரியாமல் திரிந்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

எஸ்கில் என்னிடம் வந்தது செப்டம்பரில். படகு எஞ்சின் மெக்கானிக். நரம்பு நோய் வந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவர். ஒரு வருடம் வீட்டுக்குள்ளேயே கிடந்தவரை அவருடைய அக்கா பேசிப் பேசி அனுப்பி வைத்தாள். வாரத்தில் என்னிடம் வரும் அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் அவர் வெளியே வருவார். அதுவும் நின்றால் மறுபடி நாலு சுவர்தான் என்பது எனக்கு நன்றாகத் தெரியும்.

ஆறாவது வாரம் அவருடைய மகளைப் பற்றிக் கேட்டேன். பள்ளி விழாவுக்கு வர வேண்டாம் என்று அவள் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திவிட்டு எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார்.

“கொஞ்சம் வெளிய போகணும்.”

எங்கள் தொழிலில் இது அடிக்கடி நடப்பதுதான். வலிக்கிற இடத்தைத் தொட்டதும் ஆள் நழுவப் பார்ப்பார். நான் குரலைக் குழைத்துக்கொண்டு, “அந்த உணர்வோடயே கொஞ்சம் இருந்து பாருங்க,” என்றேன்.

“இல்ல தூருன். போகணும்,” என்று என் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

“எதை விட்டுப் போகணும்னு தோணுது?”

அட கடவுளே, அப்படித்தான் கேட்டேன். அறையோ குறுகல். நான் எழுந்து என் நாற்காலியை நகர்த்தினால்தான் அவருடைய சக்கரம் கதவைத் தாண்டும். நான் நகரவில்லை. பெரிய ஞானி மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு காத்திருந்தேன். அவர் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்தை நான் ரசிக்கவும் செய்தேன்.

கடைசியில் அவரே சொன்னார். “எதையும் விட்டு இல்ல. பாத்ரூமுக்குப் போகணும்னு சொன்னேன். இனிமே வேண்டாம்.”

துள்ளி எழுந்தேன். நாற்காலிக் கால் விரிப்பில் சிக்கிக்கொண்டது. அவர் மழைக்கோட்டை மடியில் போட்டு மூடிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டார்.

அன்றைக்கே நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும், அதுவும் என் விதிதான். ‘ஆபத்து யாரால்?’ என்ற கேள்விக்கு நான் வைத்திருந்தது இரண்டே கட்டம்: பயனாளி, வெளியாள். முதல் கட்டத்தில் டிக் அடித்தேன். கீழே, ‘பயனாளிக்குக் கட்டுப்பாடு இழப்பு ஏற்பட்டது. ஆலோசகர் உரிய நேரத்தில் வழிவிட்டார்,’ என்று எழுதினேன்.

ஊன்னி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

“ஏண்டி, அவர் எத்தனை தரம் கேட்டார்?”

“ரெண்டு தரம். ஆனா எதுக்குன்னு தெளிவா சொல்லலை.”

“வளர்ந்த மனுஷன் உன்கிட்ட கையைத் தூக்கிக் கேக்கணுமா? பள்ளிக்கூடமா நடத்துற நீ?”

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தாளைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் எஸ்கில் போன் செய்தார். தன்னைப் பற்றி எழுதியதைப் படிக்க வேண்டும் என்றார். அது அவருடைய உரிமை. வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னார். நடுவில் இரண்டு நாள் இருந்தது, திருத்தியிருக்கலாம். திருத்தவில்லை. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன்.

வந்தார். வரவேற்பு மேசையருகிலேயே சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு மெதுவாகப் படித்தார்.

“கட்டுப்பாடு இழப்பு,” என்று வாசித்துக் காட்டினார். “உங்களுக்குப் பின்னால சுவத்துல கடிகாரம் இருக்கு. பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஏழு நிமிஷம் தாக்குப் பிடிச்சேன். இந்த உடம்பை வச்சுக்கிட்டு ஏழு நிமிஷம். அதை எழுதலையே நீங்க.”

மன்னிப்புக் கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் அவர்தான் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டிவரும் என்று பட்டது. தாளை வாங்கி நான் எழுதியதை அடித்தேன். மூன்றாவது கட்டம் ஒன்றைக் கையால் வரைந்து, அதற்குள் என் பெயரை எழுதினேன். கீழே, ‘இரண்டு முறை கேட்டார். ஆலோசகர் வழியை மறித்து உட்கார்ந்திருந்தார்,’ என்று எழுதினேன்.

“ஏழு நிமிஷம்னும் போடுங்க,” என்றார். போட்டேன். கையெழுத்து வைத்தார்.

“செவ்வாய்க்கிழமை வரேன். உங்ககிட்ட இல்ல, ஊன்னிகிட்ட.”

சொன்னபடி வந்தார். பலகைக்கு அந்தப் பக்கம் ஊன்னி ஏதோ சொல்ல, அவர் சத்தம் போட்டுச் சிரித்தார். என்னிடம் வந்த ஆறு வாரத்தில் அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. அந்த மனுஷர் மறுபடி வீட்டுக்குள் முடங்கவில்லை என்று எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். என்னிடம் வரவில்லையே என்றுதான் முதலில் சுருக்கென்றது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டேன்.